எலியம்மா போட்ட மார்க்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் எலியம்மாதான். கேலிக்கு யாரோ வைத்த பெயர், பதினெட்டு வருஷத்தில் பட்டம் மாதிரி ஒட்டிக்கொண்டது. கூண்டு கழுவுவதும் மரத்தூள் மாற்றுவதும் தண்ணீர் புட்டி நிரப்புவதும் அவள் வேலை. சேர்ந்த புதிதில் எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுவாளாம். தையல்காரரான அவள் கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

சீக்கிரமே கிழடு தட்டுகிற ஒருவகைச் சுண்டெலிகளை வைத்து அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்தது. கார்னோசின் என்று ஒரு பொருள். தசையிலும் மூளையிலும் இயல்பாகவே இருப்பது. இரண்டே அமினோ அமிலங்கள் கைகோத்த சின்னஞ்சிறு சேர்மம். பாதி எலிகளுக்கு அது கலந்த தண்ணீர், மீதிக்கு வெறும் தண்ணீர். எந்தப் புட்டியில் எது என்ற விவரம் இயக்குநர் அம்மாளின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

வாராவாரம் ஒவ்வொரு எலிக்கும் மூப்பு மார்க் போட வேண்டும். ரோமம் மங்கியிருக்கிறதா, கண்ணோரம் புண் இருக்கிறதா, முதுகு கூனியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பூஜ்யம், இருந்தால் அளவைப் பொறுத்து ஒன்று, இரண்டு என்று போட வேண்டும். படித்த பிள்ளைகள் கையில் எலிகள் துள்ளிக் குதித்தன. எலியம்மா கையில் சாதுவாக உட்கார்ந்தன.

"பேசாம மார்க்கையும் நீங்களே போடுங்கம்மா" என்றார் இயக்குநர். உட்கார வைத்துச் சொல்லியும் கொடுத்தார்.

ஆண்டு முடிவில், வேலையைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். ஏடுகளைப் புரட்டினார்.

"கூண்டு கழுவுறவங்க போட்ட மார்க்கை நம்பியா முடிவு எழுதப்போறீங்க?"

தொட்டியருகே நின்றவளுக்குச் சுருக்கென்றது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"சோதிச்சுப் பாத்துடுங்க சார். வேற ஆராய்ச்சிக்கு வச்ச எலிங்க நிறைய இருக்கு, அதுக்கு நான் மார்க் போட்டதில்ல. நீங்களும் போடுங்க, நானும் போடறேன்."

இருபது எலிகள். அவர் ஓர் அறையில் போட்டார். பிறகு அவள் இன்னோர் அறையில் போட்டாள். இயக்குநர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். பதினெட்டு அச்சாக ஒத்துப்போயின. இரண்டில் மட்டும் கூனுக்கு அவர் பூஜ்யம் போட்டிருந்தார், அவள் ஒன்று போட்டிருந்தாள்.

"கண்ணுக்குத் தெரியாது சார். முதுகுல விரல வச்சுத் தடவிப் பாருங்க."

தடவினார். இன்னொரு முறை தடவினார். பிறகு பேனாவை எடுத்துத் தன் தாளில் அடித்துத் திருத்தினார்.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றார்.

"பரவாயில்ல சார்" என்றவளுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மறுவாரம் அலமாரி திறந்தது. அவள் இளமை என்று குறித்தவற்றில் பெரும்பாலானவை கார்னோசின் குடித்தவை. அவற்றில் பல கூடுதல் நாளும் வாழ்ந்திருந்தன. சாவை நிறுத்தவில்லை, மூப்பைத்தான் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறது என்று இயக்குநர் நிதானமாகச் சொன்னார்.

"நீயும் ரெண்டு வாய் குடிச்சிருக்கலாமேம்மா, நரைச்சிருக்காது" என்றாள் அன்றிரவு வீட்டில் மகள்.

"போடி, எலிக்குப் பலிச்சது எனக்குப் பலிக்கும்னு எவ சொன்னா?"

கட்டுரை அச்சாகி வந்தது. எழுதியவர்கள் வரிசையில் மூன்றாவதாக அவள் பெயர். கணவர் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுத் தையல் கடையில் மாட்டிவிட்டார். அளவு கொடுக்க வந்த ஒருவர் அதைப் பார்த்து, "உங்க வீட்டம்மா டாக்டரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் அவர், நாடாவைக் கழுத்தில் போட்டபடி. "பேராசிரியரோட தாளையே திருத்த வச்சவ."