ரேடியோ அக்கா திட்டிய திட்டு

ஆபீசில் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. வயதில் சின்னவர்கள் ரேடியோ அக்கா என்பார்கள். ஒரு குரலை ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், அச்சு அசலாக அதே குரலில் பேசிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் படித்தபோது தலைமை ஆசிரியை குரலில் "எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று சொல்லி ஒரு வகுப்பையே காலி செய்தவள். அன்றைக்கு வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது அந்த வாய்க்குச் சம்பளம் கிடைத்தது. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கம்பெனியில், புகார் சொல்லிப் போன் செய்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. ஜன்னல் இல்லாத அறை. காலையிலிருந்து காதில் ஹெட்போன். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவள் கச்சேரி களைகட்டும். காலையில் திட்டிய அத்தனை பேரும் அவள் வாய் வழியாக வரிசையாக வருவார்கள்.

பக்கத்து மேஜையில் மெக்கானிக் அண்ணன். வீடு வீடாகப் போய் மெஷின்களைப் பழுது பார்த்தவர். முதுகு பிடித்துக்கொண்டதும் கம்பெனி அவரைப் போன் முன்னால் உட்கார வைத்துவிட்டது. எதிர்முனையில் யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், மனிதருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் ரேடியோ அக்கா அவரையே எடுத்துக்கொண்டாள். "அது... வந்து... இல்லைங்க... நான்..." சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் புரையேறியது. திரும்பிப் பார்த்தால், கதவருகே சாப்பாட்டு டப்பாவுடன் அவர். அவரும் சிரித்தார். அதைப் பார்த்ததும் அவள் பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடிவிட்டாள்.

சாயங்காலம் மாடிப்படியில் அவரைப் பிடித்தாள். "அண்ணே, மன்னிச்சிடுங்க. வாய்க்கொழுப்பு."

"நீ என்னம்மா பண்ணுவே? உள்ளதைத்தானே செஞ்சு காட்டினே. இந்த மாசத்தோட நின்னுக்கலாம்னு இருக்கேன்."

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. கணவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். ஏதோ எரிச்சலில், அன்று போனில் கத்திய ஒரு பெண்மணியின் குரலில் அவர் மேல் பாய்ந்தாள். "என்னய்யா கழுவுற? தட்டுல பாதி அழுக்கு அப்படியே இருக்கு!"

கணவர் அசரவில்லை. "மேடம், ஒரு நிமிஷம். தட்டைத் திரும்பக் கழுவித் தர்றேன். வேற ஏதாவது புகார் இருக்கா?"

அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. அந்தக் குரலுக்கு உள்ளே இருப்பது தன் பெண்டாட்டி என்று தெரிவதால்தானே இவருக்குப் பயமில்லை? சாமி கொடுத்த இந்தக் குரலை இத்தனை நாள் ஊரைச் சிரிக்க வைக்க மட்டும் செலவழித்தோமே என்று தோன்றியது.

மறுநாள் மதியம் மெக்கானிக் அண்ணனைச் சாமான் அறைக்கு இழுத்துப் போனாள். சுற்றிலும் காலி அட்டைப்பெட்டிகள்.

"அண்ணே, நான் திட்டுறேன். நீங்க பதில் சொல்லுங்க."

"நீ திட்டினா எனக்குச் சிரிப்புதானே வரும்?"

"அதுதான் வேணும்."

ஆனால் அவள் தொடங்கியதும் சிரிப்பு எங்கேயோ ஓடிவிட்டது. அவர் நெற்றி வியர்த்தது. சட்டென்று தன் சொந்தக் குரலுக்கு வந்தாள். "அண்ணே, அவங்க உங்களைத் திட்டல. மெஷினைத் திட்டுறாங்க. அதுக்குக் காது இல்ல, அதனால உங்க காதுல விழுது. அவ்வளவுதான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மூச்சை இழுத்துவிட்டு, "சொல்லுங்கம்மா, மெஷின் என்ன சத்தம் போடுது?" என்றார்.

அப்படியே தினமும் நடந்தது. ஒரு நாள் வக்கீல், ஒரு நாள் அழுகிற பெரியவர், இன்னொரு நாள் மூச்சுவிடாமல் பேசுகிற டீச்சர். விஷயம் கசிந்து மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். பில் போடுகிற பெண்ணுக்கு வேறு பிரச்சினை. கணக்குப் பிரிவுக்கு மாற்றம் கேட்க வேண்டும், மேனேஜரிடம் வாய் வரவில்லை. ரேடியோ அக்கா உடனே மேனேஜரானாள். "என்ன வேணும்? சீக்கிரம் சொல்லுங்க. எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு!"

கதவு திறந்தது. நிஜ மேனேஜர்.

"நான் இப்படியா பேசுறேன்?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ரேடியோ அக்கா ஒரு பெட்டிக்குப் பின்னால் நகர்ந்தாள். அப்போது மெக்கானிக் அண்ணன் எழுந்தார்.

"ஆமாங்க சார். நீங்க கெட்டவர்னு சொல்லல. ஆனா கேட்க வர்றவங்களுக்குப் பாதியிலேயே தொண்டை அடைச்சிடுது."

ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை. மேனேஜர் அவரையே பார்த்தார். பிறகு ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தார். அது அவரோடு சேர்ந்து அமுங்கியது. யாருக்கும் சிரிக்கத் துணிவில்லை. அவரே முதலில் சிரித்தார். "சரி, சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?"

அந்தப் பெண்ணுக்கு மாற்றம் கிடைத்தது. சாமான் அறைக்கு நாற்காலிகள் வந்தன. புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் ரேடியோ அக்காவிடம் திட்டு வாங்கிய பிறகுதான் போனைத் தொட வேண்டும் என்று ஆனது. வேலையை விடப்போன மெக்கானிக் அண்ணன் அடுத்த வருஷமே போன் பிரிவுக்குப் பொறுப்பாளரானார்.

விஷயம் கேட்ட மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "நீ பழக்கிவிட்ட ஆளு உனக்கே அதிகாரியா? வயிறு எரியலையா உனக்கு?"

"முதல் நாள் கொஞ்சம் எரிஞ்சுது அத்தை. அப்புறம் அவர் ஒரு ஆளை போன்ல சமாளிச்சதைக் கேட்டேன். எனக்கே புல்லரிச்சுப் போச்சு."

மாமியார் மேலே ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்படின்னா எனக்கும் ஒண்ணு பண்ணு. மேல் வீட்டுக்காரி பொழுதன்னைக்கும் நாற்காலியைத் தரதரன்னு இழுக்குறா. கேட்கலாம்னு போனா, அவ முகத்தைப் பார்த்ததும் வந்த காரியமே மறந்துடுது."

ரேடியோ அக்கா இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். "என்ன விஷயம்?" என்று மேல் வீட்டுக்காரியின் குரலில் உறுமினாள்.

மாமியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.