ருசி பார்க்க அழைத்தார்கள்

எங்கள் கல்லூரி கேண்டீனை வெளிக் கம்பெனிக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் முதலில் கத்தியவள் நான். கத்துவதில் எனக்கு ஈடு கிடையாது. காரியம் நடத்துவதில்தான் பூஜ்யம்.

சுங்கைப் பட்டாணி நகரத்தில் கடைவீடுகளின் மாடிகளை இணைத்து நடத்தும் சின்னத் தனியார் கல்லூரி அது. நான் கணக்கியல் பாடம் எடுக்கிறேன். கீழே சமையலறை. அங்கே சமைக்கும் அக்கா, கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து வருகிறவர். கல்லூரி தொடங்கியதிலிருந்து கல்லூரிச் சம்பளத்தில் இருப்பவர். அவர் அடுப்பில் ஒரே சட்டம்தான்: மீனோ கோழியோ ஒரு தடவை, சோறும் குழம்பும் பசி தீரும்வரை. எங்கள் பிள்ளைகளில் பலர் கூலிம் ஹைடெக் பூங்காத் தொழிற்சாலைகளில் இரவு ஷிஃப்ட் முடித்து நேரே வகுப்புக்கு வருகிறவர்கள். கண் சொருகுகிற பிள்ளையைத் திட்டிப் பயனில்லை என்று நான் கீழே அனுப்பிவிடுவேன். அக்கா ஒன்றும் கேட்காமல் தட்டை நீட்டுவார்.

இனிமேல் சாப்பாடு கூலிமிலிருந்து வேனில் வரும் என்றார்கள். ஆளுக்கு ஒரு டப்பா, அளந்து வைத்தது. அக்காவின் வேலை போகாது, சூடு பண்ணிக் கொடுத்தால் போதும் என்றார்கள். கூட்டத்தில் நான் மூச்சு வாங்கப் பேசினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஆனால் முதல்வர் ஒன்றுக்கு மட்டும் இறங்கி வந்தார். கம்பெனிக்காரர்கள் ஒருநாள் சமைத்துக் கொண்டுவரட்டும், எல்லோரும் ருசி பார்ப்போம், சமையல்காரம்மாவும் வரட்டும், அவரே சரியில்லை என்றால் யோசிக்கலாம் என்றார். அந்த ஒரு வாய்ப்பை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ளதச் சொல்லுங்கக்கா. வேற ஒன்னும் வேணாம்" என்றேன்.

"சொல்றேன் மிஸ்" என்றார்.

வந்த கம்பெனி மேனேஜர் நம் தமிழ்ப் பையன். அந்த வெயிலிலும் கோட்டு போட்டிருந்தான். கதவோரம் நின்ற அக்காவைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க ஆன்ட்டி" என்று தானே பரிமாறினான். மீன் குழம்பில் புளியும் இல்லை, உறைப்பும் இல்லை. சோறு கட்டி தட்டியிருந்தது. அக்கா கையால் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார்.

தமிழ் தெரியாத முதல்வர், எப்படி இருக்கிறது என்று மலாயில் கேட்டார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. கரண்டியோடு பக்கத்தில் நின்றவனை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாருக்கு தம்பி."

பையன் அதைச் சிரித்தபடி மொழிபெயர்த்தான். நான் எழுந்து நின்றேன். கை நனைத்த பிறகு சாப்பாட்டைக் குறை சொல்வது எங்கள் வழக்கத்தில் இல்லை, அதனால் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். "நன்றாக இல்லாததை நன்றாக இருக்கிறது என்று ஏன் சொல்ல வேண்டும்?" என்று முதல்வர் உண்மையாகவே புரியாமல் கேட்டார். ஆங்கிலத்தில் நான் என்ன சொன்னாலும் அக்காவைப் பொய்க்காரி ஆக்குவதாகவே முடிந்தது. உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு கையாலாகாதவளாக என்னை நான் என்றும் உணர்ந்ததில்லை.

கூட்டம் முடிந்து சமையலறைக்குப் போய் அவரிடமே பாய்ந்தேன். "ஏங்கா இப்படிப் பண்ணீங்க?"

"அந்தப் பையன் நின்னு போடுறான் மிஸ். பெத்தவ எங்கயோ இருப்பா. தட்டுல போட்டதத் தின்னுட்டு எப்படி லா மூஞ்சிக்கு நேரா சொல்றது? வாய் வரல."

"உங்க அடுப்பு போச்சேக்கா."

"தெரியுது மிஸ்" என்றார். கழுவிய சட்டியையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அக்கா கம்பெனி சட்டையும் கையுறையும் போட்டு டப்பா எடுத்துக் கொடுக்கிறார். பழக்கதோஷத்தில் பிள்ளைகள் காலி டப்பாவோடு திரும்பி வந்து நிற்பார்கள். முதலில் கொஞ்ச நாள், "இல்லய்யா, அவ்ளோதான்" என்று சொல்லிப் பார்த்தார். இப்போது முகத்தையே பார்ப்பதில்லை. குனிந்து எதையாவது துடைக்கிறார். வகுப்பில் கண் சொருகும் பிள்ளையைக் கீழே அனுப்புவதை நானும் நிறுத்திவிட்டேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் அங்கே சாப்பிட உட்கார்ந்தேன். அக்கா டப்பாவைக் கொண்டுவந்து, மூடியைத் தானே திறந்து என் முன்னால் வைத்தார். இரண்டு வாய் சாப்பிடும்வரை போகாமல் நின்றார். குழம்பு அதே சப்பென்ற குழம்பு.

"எப்படி இருக்கு மிஸ்?"

கத்துகிற என் வாய் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"நல்லாருக்குக்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசையைத் துடைக்கப் போனார்.