சிற்றாலயத்துக்கு அடியில் ஒரு குடித்தனம்

வாயில் ஆணிகளைக் கடித்துக்கொண்டே வெல்மா நான்கெர்விஸ் பாடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைப் பாட்டுகள்தான்; ஆனால் சுத்தியல் விழுகிற இடத்துக்குத் தக்கபடி அடிகள் நீளும், குறுகும். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. கடைசி ஆணி வாயைவிட்டு வெளியேறிய பிறகுதான் வரும். அதற்குள் கேட்டவர்களில் பாதிப் பேர் போயிருப்பார்கள். "நிஜமாவே அவசரமா இருந்தா நின்னிருப்பாங்க" என்பாள்.

வேலி போடுவது தொழில். ஐம்பத்தெட்டு வயது. இந்தப் பக்கத்து ஆட்டுப் பண்ணைகளில் நிமிர்ந்து நிற்கிற மூலைக் கம்பங்களில் பெரும்பாலானவை அவள் நட்டவை. அளவு நாடா வண்டியில் கிடக்கும், எடுக்கமாட்டாள். பூட்ஸ் காலால் அடி வைத்து அளப்பாள். அவள் போன பிறகு நாடா பிடித்துப் பார்த்த பண்ணைக்காரர்கள் உண்டு. அதைப் பற்றி வெளியே பேசியதில்லை.

வேலை எங்கே இருந்தாலும் மதியச் சாப்பாட்டுக்கு யூகலிப்டஸ் காட்டுக்குள் வண்டியை விடுவாள். உள்ளே, மரப்பட்டை உதிர்ந்து கிடக்கிற மேட்டில், முப்பது பேர் உட்கார்ந்தால் முழங்கை இடிக்கிற கற்சிற்றாலயம். தங்கம் தோண்ட வந்த அவளுடைய முன்னோர்கள் சனிக்கிழமைகளில் ஓடைக்கல் சுமந்து கட்டியது. வாசற்படியில் உட்கார்ந்து மாவுக்குள் இறைச்சி பொதிந்து சுட்ட, ஆறிப்போன பேஸ்டியைத் தின்பாள். கடைசி ஓரத்தைப் பிய்த்துப் புல்லில் எறிவாள். சுரங்கத்துக் குட்டிச்சாத்தான்களுக்கு அவள் வீட்டார் தலைமுறை தலைமுறையாக ஒதுக்குகிற பங்கு அது. வளை தோண்டி வாழ்கிற காட்டுப் பிராணியான வாம்பட் அங்கே வந்ததே அந்த ரொட்டி ஓரத்தை மோப்பம் பிடித்துத்தான் என்பது அவள் தம்பி மெர்வினின் கட்சி.

எப்படி வந்ததோ, போன கோடையில் ஒரு வாம்பட் கிழக்கு மூலைக்கு அடியில் வளை தோண்டிக் குடியேறிவிட்டது. கட்டைக் கால், பீப்பாய் உடம்பு, மண்வெட்டி நகம். சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டது. ஈஸ்டருக்குள் வளையைக் கான்கிரீட் போட்டு அடைக்காவிட்டால் கதவைப் பூட்டிவிடுவதாகச் சபைக் குழு சொல்லிவிட்டது. அங்கே வருஷத்துக்கு ஒரே ஆராதனை, ஈஸ்டர் காலையில். அதுவும் நின்றால் பூட்டு திறக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் அப்படிப் பூட்டின ஆலயம் இப்போது ஒரு பல் டாக்டரின் விடுமுறை வீடு. பிரசங்க மேடையில் ஒயின் புட்டிகள் நிற்கின்றன.

"ரெண்டு லோடு கல்லைக் கொட்டி அடைச்சுட்டா முடிஞ்சுது" என்றான் மெர்வின்.

"உன்னை உள்ளே வெச்சு அடைக்கிறேன். அப்புறம் முடிஞ்சுதான்னு சொல்லு."

வனவிலங்குத் துறையில் அனுமதி வாங்கி, வளை வாயில் ஒரு தொங்கு கதவு மாட்டினாள். முதலில் இரண்டு பக்கமும் ஆடுகிற மாதிரி. வாம்பட் அதை முட்டித் திறந்து போகவும் வரவும் பழக வேண்டும். பழகின பிறகு ஒரு தாழைப் போட்டால் கதவு வெளிப்பக்கம் மட்டும் திறக்கும். வெளியே போனது திரும்ப நுழையாது, வேறு இடம் தேடிக்கொள்ளும். தினமும் சாயங்காலம் வந்து வளை வாசல் மணலை உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்துவாள். காலையில் வந்து தடம் பார்ப்பாள். அந்த நாட்களில் அவளைக் கல்யாண விருந்துக்குக்கூட அழைக்க முடியவில்லை. "வீட்டுக்காரி வெளியே போயிருப்பா, நான் போய்ப் பார்க்கணும்" என்று பாதியில் எழுந்துவிடுவாள்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் கொத்தனார் ஸ்டான் பாஸ்கோ வளையை அடைக்க வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின சாயங்காலம் வெல்மா தாழைப் போட்டாள்.

விடியற்காலையில் பனிமூட்டத்துக்குள் குனிந்து பார்த்தாள். பெரிய தடங்கள் வெளியே போயிருந்தன. நிமிர்ந்தபோதுதான் அந்த வாம்பட்டைக் கண்டாள். வெளிச்சம் வந்த பிறகும் பெரணிச் செடிக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. ஆளைப் பார்த்தும் ஓடவில்லை. கதவுக்குப் பக்கத்தில், வெடிப்புக்கு நேர் கீழே, ராத்திரி முழுக்கப் பிறாண்டின புதுமண்.

உள்ளேயிருந்து கதவில் டொக்கென்று ஒரு சத்தம். கதவு அதிர்ந்தது, திறக்கவில்லை. மறுபடியும் டொக். அடியிடுக்கில் ஒரு சின்ன மூக்கு தெரிந்து மறைந்தது.

ஆட்டு வேலிகளுக்கு அடியில் அவள் எப்போதும் மாட்டுகிற கதவு அது. கீழ்விளிம்பில் இரும்புப் பட்டை வைத்துக் கனமாகச் செய்வாள். வளர்ந்த வாம்பட் முட்டினால் திறக்கும், ஆட்டுக்குட்டியும் நரியும் முட்டினால் திறக்காது. இதற்கும் கை தானாக அந்தப் பட்டையை வைத்துவிட்டது. உள்ளே ஒரு குட்டி இருக்கலாம் என்று நினைக்கவே இல்லை.

மெர்வின் ஃபிளாஸ்கோடு வந்து சேர்ந்தான். குனிந்து கதவில் காது வைத்தான். கையை விட்டுக் குட்டியை இழுத்து வெளியே போட்டுவிடலாம் என்றான்.

"இழுத்தா ரெண்டும் ரெண்டு பக்கம் ஓடும். இருட்டினதும் குட்டியை நரி தின்னும்."

"ஸ்டான் கிளம்பிட்டான், வெல்மா."

"அது பெரிசாகித் தானா நடந்து போகட்டும். இன்னும் ஆறு மாசம், வசந்தம் ஆகும். அப்போ லேசா ஒரு கதவு செஞ்சு மறுபடி ஆரம்பிப்பேன்."

"அவங்க பூட்டிடுவாங்க."

"கதவைத்தானே பூட்டுவாங்க? காட்டையுமா பூட்டுவாங்க? பெஞ்சையெல்லாம் வெளியே தூக்கிப் போடு. ஞாயித்துக்கிழமை ஆராதனை இந்த மரத்தடியிலேதான். மூலைக்கு இன்னிக்கே நான் முட்டுக் கொடுக்கிறேன். குழுவிலே யாருக்காவது சந்தேகம் இருந்தா வந்து சாய்ஞ்சு பார்க்கட்டும்."

தாழை உருவினாள். கதவையே கீலிலிருந்து கழற்றித் தூர எடுத்துப் போனாள். வளை வாய் திறந்து கிடந்தது. பெரணிக்கு அடியிலிருந்து வாம்பட் எழுந்து நாலடி வந்தது.

அப்போது மேட்டில் ஸ்டானின் லாரி உறுமிக்கொண்டு ஏறியது. பின்னால் கலவை இயந்திரம் கடகடத்தது. வாம்பட் நின்றது. திரும்பிப் பெரணிக்குள் போய்விட்டது. ஸ்டான் ஜன்னல் வழியே தலையை நீட்டி, கலவையை எங்கே கொட்ட வேண்டும், சீக்கிரம் சொல், மத்தியானம் வேறு வேலை இருக்கிறது என்றான்.

வெல்மா லாரியை நோக்கி நடந்தாள். ஜன்னலுக்குள் கையை விட்டாள். சாவியைத் திருகி உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். காட்டில் சத்தம் அடங்கியது. ஸ்டானின் திறந்த வாய்க்கு முன்னால் பேசாதே என்று விரலைக் காட்டிவிட்டு, திரும்பி வந்து, வாம்பட் பயமில்லாமல் வரட்டுமென்று வளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.