வீடு கேட்கப் போன இடத்தில் ஆதி வெப்பம்

திருவல்லிக்கேணியில் நான் தங்கியிருந்த மேன்ஷனை இடிக்கப்போவதால், ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆய்வேட்டை முடிக்க இரண்டு மாதமே மிச்சம். வீட்டுத் தரகர் மயிலாப்பூரில் ஒரு மாடி அறைக்கு என்னை அழைத்துச் சென்றார். கல்யாணமாகாதவனுக்கு வீடு தருவதென்றால் முதலில் ஒரு நேர்காணல் உண்டு.

படியேறும்போதே தரகர் எச்சரித்தார். "சார், கேட்டதுக்கு டக்குனு ஒரே பதிலா சொல்லு. இஸ்துக்கினு கெடக்காத. இதுவும் போச்சுன்னா என்னான்ட வேற வூடு இல்ல."

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பொறியாளர். என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். பிரபஞ்சம் பிறந்த கணத்தில் மளமளவென்று உப்பியது; அந்த உப்பல் நின்றதும் எவ்வளவு சூடாக இருந்தது என்பதே நாலு வருடமாக என் கேள்வி என்றேன்.

"எத்தனை டிகிரி?"

ஓர் எண்ணைச் சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அறிவியலின் பெயரால் சொன்ன பொய் எண், அவருடைய நடைப்பயிற்சி நண்பர்களுக்கும் அங்கிருந்து வாட்ஸ்அப்புக்கும் போகும். அதற்கு யார் பொறுப்பு? "குறைந்தது சில ஆயிரம் கோடி டிகிரி. அதிகபட்சம், அதற்குப் பின்னால் ஏறக்குறைய இன்னும் பதினெட்டு சைபர்."

"இதைச் சொல்ல நாலு வருஷமா?"

தரகர் என் காதில் சீறினார். "இன்னா சார் நீ! வூடு வோணுமா, வாணாமா?"

காபியோடு வந்த வீட்டுக்கார மாமி கேட்டார்: "குறைஞ்சது இவ்வளவுன்னு யார் பார்த்தா?"

"யாரும் பார்க்கவில்லை, மாமி. அதைவிடக் குளிர்ந்திருந்தால் இன்று காணும் அளவுக்கு ஹீலியம் உருவாகியிருக்காது. அளவு மீறிச் சூடாகியிருந்தால் அந்த உப்பலும் அவ்வளவு மூர்க்கமாக இருந்திருக்கும்; அதன் அதிர்வின் தடம் வானில் தெரிந்திருக்கும். தெரியவில்லை."

"அவ்வளவுதானே? இட்லி வெந்திருக்கு, அதனால அடுப்பு எரிஞ்சிருக்கு. பாத்திரம் உருகலை, அதனால ரொம்ப எரியலை."

என் முதல் அத்தியாயத்தை மாமி எழுதியிருந்தால் முப்பது பக்கம் மிச்சமாகியிருக்கும்.

வீட்டுக்காரர் விடவில்லை. "ராத்திரி எத்தனை மணிக்கு வருவேள்? அதையாவது ஒரே நம்பரா சொல்லுங்கோ."

அவர் முதுகுக்குப் பின்னால் தரகர் ஒன்பது விரலைக் காட்டினார். என் ஆய்வுக்கூடம் இருக்கும் அடையாற்றிலிருந்து வரும் பேருந்தை நம்பி நான் எப்படி வாக்குக் கொடுப்பது? "எட்டுக்கு முன்னால் இயலாது. பதினொன்றைத் தாண்டாது."

தரகர் தலையில் அடித்துக்கொண்டார்.

"முன்னாடி குடியிருந்த பையன் ஒம்போதுன்னான்," என்றார் மாமி. "ஒரு நாளாவது ஒம்போதுக்கு வந்தானா? இவர் தெரியாததைத் தெரியாதுங்கறார்."

வீட்டுக்காரர் யோசித்தார். "மேல் எல்லை பத்து. அதுக்கப்புறம் கேட்டைப் பூட்டிடுவேன்."

ஒரு சைபரைக் குறைக்க உலகமே படும் பாட்டை அறிந்த எனக்கு, ஒரே வாக்கியத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்தவர்மேல் பொறாமையே வந்தது. சம்மதித்தேன். சனிக்கிழமையே பெட்டியோடு வரச் சொன்னார். எத்தனை மணிக்கு வருவேன் என்று மட்டும் அவர் கேட்கவில்லை.