அணில்வாலுக்கு ஒரு மாப்பிள்ளை

பூபான் மலையடிவாரத்தில் கம்போங் என்ற பெண் வைக்கும் கோழி சூப்புக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கோழி அல்ல. கொதி அடங்கும்போது கிள்ளிப் போடும் நாலு கஞ்சா இலை. அதுவும் அணில்வால் என்ற நாட்டு ரகமாக இருக்க வேண்டும். தடை இருந்த காலத்தில் போலீஸ்காரர் ப்ரயோங் வருஷம் தவறாமல் வந்து கொல்லையிலிருந்த செடிகளைப் பிடுங்கி எரிப்பார். வாழைக்குப் பின்னால் நிற்கும் ஒன்று மட்டும் அவர் கண்ணில் படாது. மனுஷன் அரைக்குருடு என்று கம்போங் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். அந்தச் செடியில் தேறும் கொஞ்சம் விதைதான் மறு வருஷத்துக்கு.

தடை போனதும்தான் வம்பு வந்தது. தம்பி பூன்லுவா நகரத்தில் வெளிநாட்டு விதை வாங்கி வந்து, அக்கா விதை சேர்த்து வைத்திருந்த மீன்சாறு பாட்டிலிலேயே கொட்டிவிட்டான். கேட்டால் எல்லாம் விதைதானே என்றான். வேறு வழியில்லாமல் அத்தனையையும் பெயின்ட் வாளிகளில் முளைக்கப் போட்டாள். வளர்ந்தபின் எது தன்னுடையது, எது வந்தேறி என்று பிடிபடவில்லை. ஒவ்வொன்றிலும் இலை கிள்ளி சூப்பு வைத்துக் குடித்துப் பார்த்தாள். கடைசியில் நாக்கும் குழம்பி, தலையும் கிறுகிறுத்து, உப்புப் போட்டோமா என்பதே மறந்துபோனது.

இதற்கிடையில் கை சும்மா இருக்கவில்லை. ஆண் செடி பூ காட்டினால், விதைக்காக ஒரு பெண் செடியில் கொஞ்சம் மகரந்தத் தூளைத் தட்டிவிட்டு உடனே பிடுங்கிவிடுவது அந்த ஊர்ப் பழக்கம். இந்த முறை குழப்பத்தில் தூள் தட்டாமலே எல்லா ஆண்களையும் பிடுங்கி எருமைக்குப் போட்டுவிட்டாள். அன்று சாமிக்கு வைக்கப் பூ கிடைக்காததால், ஒரே ஒரு கிளையை மட்டும் முற்றத்துக் காவல் தெய்வத்தின் குவளையில் செருகியிருந்தாள். ஆண் இல்லாமல் விதை ஏது என்று உறைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஓய்வு பெற்றபின் தினமும் சூப்புக் குடிக்க வரும் ப்ரயோங்கிடம், எது அணில்வால் என்று வெட்கத்தை விட்டுக் கேட்டாள். அவர் வாளி வாளியாகத் தண்டைக் கசக்கி முகர்ந்தார். ஒன்றின் முன் நின்றார்.

“இதுதான். மாங்காய் வாசம். எத்தனை வருஷம் எரிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

“அப்போ அந்தக் குவளையில இருக்கிற ஆணு, அண்ணே?”

முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “ஆணை நான் எங்க பாத்தேன்? நான் வர்றதுக்குள்ள நீங்கதான் பிடுங்கிப் போட்டுருவீங்களே.”

கம்போங்குக்கு மறுபடியும் தலை சுற்றியது. அந்த ஆணின் தூளை அணில்வால் மேல் தட்டலாமா, கூடாதா? வந்தேறியாக இருந்தால் அணில்வால் இத்தோடு போச்சு. யோசித்து யோசித்து, குவளையிலிருந்து நாலு இலை கிள்ளி ஒரு கிண்ணம் சூப்பு வைத்து அவர் முன்னால் வைத்தாள். சொந்த நாக்கை நம்ப அவளுக்குத் தைரியமில்லை.

அவர் ஒரு வாய் குடித்தார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைக்கவே இல்லை. வழித்துக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார்.

“தட்டு. அதே ருசிதான்.”

“எப்படிண்ணே அவ்வளவு உறுதியா சொல்றீங்க?”

“செடி பிடுங்க வர்ற அன்னிக்கெல்லாம் எனக்கு சூப்பு ஊத்துவியே. அதுல நீ என்ன போட்டிருந்தேன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனைச்ச?” அவர் வாழைப் பக்கம் பார்த்தார். “பின்ன, அங்க ஒண்ணை எதுக்கு விட்டுட்டுப் போனேன்?”

கம்போங் குவளையிலிருந்து கிளையை எடுத்துப் போய், அந்த வாளிச் செடியின் மேல் மெதுவாகத் தட்டினாள்.