திருவும் தெய்வத்திருவும்

“திரு. உலகநாதன்” என்று சத்தமாக வாசித்து இடதுகைச் சுண்டுவிரலை மடக்குகிறாள் முத்துமீனாள். “திருமதி. பேச்சியம்மாள்.” மோதிரவிரல் மடங்குகிறது. “திரு. சண்முகவேல்.” இந்த இடத்தில் நடுவிரல் மடங்காமல் அப்படியே நிற்கிறது. கல்யாண வீட்டார் எழுதி அனுப்பிய விவரத்தாளை இன்னொரு முறை பார்க்கிறாள். அதிலும் திரு என்றுதான் இருக்கிறது. ஆனால் அந்தத் தாள் வந்து ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பது நாளில் என்னென்னவோ நடக்கலாம். போனை எடுத்து அந்த வீட்டுக்கே அடிக்கிறாள்.

“மதினி, நான் மீனாள் பேசுதேன். அண்ணாச்சி சாப்பிட்டாவளா?”

“இப்பதான் சாப்பிட்டுட்டு வெளிய போனாவ. ஏன் கேக்க?”

“சும்மாதான் கேட்டேன் மதினி.”

போனை வைத்ததும் நடுவிரல் மடங்குகிறது. ஒரு மனுஷன் உயிரோடு இருக்கிறாரா என்று அவர் பெண்டாட்டியிடமே கேட்பதற்கு மரியாதையான வழி ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? முத்துமீனாளுக்குத் தெரியும். சாப்பிட்டார் என்று பதில் வந்தால் திரு. எதிர்முனையில் பேச்சு நின்றுபோனால் தெய்வத்திரு. கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறவருக்கும் இறந்தவருக்கும் வித்தியாசம் அந்த ஒரு சொல்தான். அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தப் பெண் இரண்டு வருஷமாகச் செத்துச் செத்துப் பிழைக்கிறாள்.

சங்கரன்கோவிலில் திருவேங்கடம் சாலையில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் அவளுடைய அறை. வயது முப்பத்தொன்பது. கல்யாணங்களுக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்பது தொழில். இப்போதெல்லாம் பத்திரிகையின் மூலையில் புள்ளிபுள்ளியாக ஒரு சதுரம் அச்சடித்திருக்குமே, அதைப் போனில் காட்டினால் ஒரு பக்கம் திறக்கும். மாப்பிள்ளை, பெண், பெற்றோர், முகூர்த்த நேரம், மண்டபத்துக்கு வழி எல்லாம் அதில் இருக்கும். பத்திரிகை அடிப்பது அடுத்த தெரு அச்சகக்காரர் காளிராஜ். அந்தச் சதுரத்துக்குள் இருப்பது முத்துமீனாளின் கைவேலை. கடையநல்லூரிலிருந்து நிக்காஹ் பத்திரிகைகளும் வரும். அங்கே அந்தச் சொல் மர்ஹூம். சொல்தான் வேறு, அவளுக்குப் பயம் ஒன்றுதான்.

இந்தப் பக்கங்களை உருவாக்கும் மென்பொருளுக்கு ஜெனரேட்டர் என்று பெயர். அதை ஒரு தடவை கீழே பாத்திரக்கடையில் சொல்லித் தொலைத்துவிட்டாள். “மாடியில ஜெனரேட்டர் வச்சிருக்கியாமே, கரண்ட் போனா எங்க கடைக்கும் ஒரு லைன் இழுத்து விடும்மா” என்று கடைக்காரர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். விளக்கிச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இப்போது “டீசல் தீந்துட்டு அண்ணாச்சி” என்கிறாள்.

விஷயம் இட்லித் தட்டு போலத்தான். தட்டு ஒன்று, ஊற்றுகிற மாவு வீட்டுக்கு வீடு வேறு. அவள் வைத்திருக்கும் அச்சில் பெயர் வரவேண்டிய இடத்தில் பெயர் இருக்காது, இரட்டை அடைப்புக்குறிக்குள் ஒரு மாறி இருக்கும். மணமகன் பெயர் ஒரு மாறி. தந்தை பெயர் ஒரு மாறி. தந்தை பெயருக்கு முன்னால் வருகிற அடைமொழி ஒரு மாறி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோப்பு. அதில் விவரங்களை எழுதிக் கட்டளை கொடுத்தால், மாறிகள் இருந்த இடங்களில் மனிதர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மாறி என்ற சொல்லை அவள் பிளஸ் டூ கணினிப் புத்தகத்தில் படித்தாள். அன்று அது இரண்டு மார்க் கேள்வி. இன்று அதைத் தட்டும் முன் இரண்டு தடவை வாசிக்கிறாள். “மாறின்னு பேரு வச்சவன் சும்மா வைக்கல. மாறித்தான் போவும்” என்பாள்.

புது அச்சு செய்தால் ஏதாவது பெயர்களைப் போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். மனிதப் பெயரைப் போடவே மாட்டாள். “திரு. கத்தரிக்காய், திருமதி. வெண்டைக்காய் தம்பதியரின் குமாரன் திருவளர்செல்வன் முருங்கைக்காய்” என்றுதான் போடுவாள். அந்தப் பக்கத்தைக் காளிராஜ் ஒரு வாடிக்கையாளருக்கு மாதிரி காட்டப்போய், “பந்தியில அவியலு நிச்சயம் போலுக்கே” என்று அவர் கேட்டாராம். முத்துமீனாளும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனாலும் பெயர்களை மாற்றவில்லை. கத்தரிக்காய்க்கு முன்னால் தெய்வத்திரு வந்தால் யார் தாலியும் அறுந்துவிடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. அப்போது எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு கோப்பு வைத்திருந்தாள். ஒரு வீட்டின் கோப்பில் ஏதாவது எழுத விட்டுப்போனால் ஜெனரேட்டர் கேள்வி கேட்காது, பொதுக் கோப்பில் இருப்பதை எடுத்து அங்கே வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். தந்தைமார்களுக்குப் போடும் அடைமொழிகளில் நீளமானது தெய்வத்திரு. போன் திரையில் அது ஒரே வரியில் அடங்குகிறதா என்று பார்ப்பதற்காக, ஒருநாள் பொதுக் கோப்பில் அதை எழுதிப் பார்த்தாள். அடங்கியது. அந்தச் சந்தோஷத்தில் அழிக்க மறந்துவிட்டாள்.

மறுநாள் செய்தது குருவிகுளத்தில் கோமதிநாயகம் என்ற விவசாயியின் மகள் கல்யாணப் பக்கம். விவரத்தாளில் அவர் பெயருக்கு முன்னால் எதுவும் எழுதியிருக்கவில்லை. பக்கம் வெளியாயிற்று. முதலில் திறந்து பார்த்தவர் கோமதிநாயகமேதான்.

“ஏம்மா, என்னைய மேல அனுப்பிட்டே, சரி. பதினாறு என்னைக்குன்னும் சேத்துப் போட்டிருக்கலாம்லா?” என்று போனில் விழுந்து விழுந்து சிரித்தார்.

இருபது நிமிஷத்தில் அந்தப் பக்கத்தையும் பொதுக் கோப்பையும் திரு என்று திருத்திவிட்டாள். கல்யாணம் நன்றாக நடந்தது. அதிலிருந்து நான்காம் மாதம், கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். காளிராஜ் வந்து சொன்னபோது முத்துமீனாளுக்குக் கைகால் ஓடவில்லை. துக்கம் கேட்கவும் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

அன்றோடு பொதுக் கோப்பிலிருந்து அடைமொழியையே எடுத்து எறிந்தாள். இப்போது ஏதாவது விட்டுப்போனால் ஜெனரேட்டர் சிவப்பு எழுத்தில் கத்திவிட்டு நின்றுவிடும். பழைய தவறு திரும்ப நடக்க வழியே இல்லை. அது அவள் புத்திக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது. சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கண்டால் ஸ்கூட்டரை நிறுத்தி, தான் பக்கம் செய்த வீட்டு ஆளா என்று வாசிக்கிறாள். முகூர்த்த நாட்களில் யாரும் அழைக்காமலே கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்து, மேடையில் அப்பாக்கள் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்பி வருகிறாள். “கம்ப்யூட்டருக்கு யாருட்டி எமன் வேலை குடுத்தது?” என்று கேலி செய்வார் அவள் கணவர் தில்லைநாயகம். “நீங்க சிரிப்பிய. அந்த எழுத்த அடிச்சது நீங்களா, நானா?” என்பாள்.

இந்த ஆடியில், ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்து கிடந்த சமயத்தில் காளிராஜ் போன் செய்தார்.

“மீனாள், குருவிகுளத்துல கோமதிநாயகம் வீட்ல மகனுக்குக் கல்யாணமாம். அவரு சம்சாரம் கோமதியம்மாள் உன்னைய நேர்ல பாக்கணும்னு சொல்லுதாவ.”

“என்னைய எதுக்கு அண்ணாச்சி?”

“தெரியலயே. விவரத்த எங்கிட்ட குடுங்கன்னேன், முடியாதுன்னுட்டாவ. வெள்ளிக்கிழமை வாராவ.”

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அம்மாள் படியில் நின்று, பாத்திரக்கடையே வேடிக்கை பார்க்க, “எம் புருஷனத் தின்னுட்டியே” என்று கத்துவாளா? மண்ணை வாரித் தூற்றுவாளா? கையெடுத்துக் கும்பிட்டுக் காலில் விழுந்துவிடலாமா? வெள்ளிக்கிழமை அறையைப் பூட்டிவிட்டு எங்கேயாவது போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். சிவகிரியில் ஒரு சித்தி இருக்கிறாள். பஸ் ஏறினால் தீர்ந்தது. ஆனால் போகவில்லை. போனால் இன்னும் இரண்டு வருஷம் பயப்பட வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கோமதியம்மாள் படியேறி வந்தாள். ஒல்லியான, உயரமான பெண். நெற்றியில் திருநீறு. மூச்சு வாங்க உட்கார்ந்து, முத்துமீனாள் கொடுத்த செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

“அம்மா, அன்னைக்கு நடந்தது...”

“அதப் பத்திதான் பேச வந்தேன்.” கோமதியம்மாள் செம்பைக் கீழே வைத்தாள். “அவுக போனக் காட்டிக் காட்டிச் சிரிச்சாவ. நான் சிரிக்கல. டாக்டரு மாரடைப்புன்னாரு. அவரு படிச்சத அவரு சொல்லுதாரு. உன் எழுத்து பலிச்சிட்டு மக்கா.”

இரண்டு வருஷமாக எந்த வார்த்தைக்குப் பயந்து கிடந்தாளோ அதே வார்த்தை. துளி கோபம் இல்லாமல் வந்து விழுந்தது. அந்த அம்மாள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“மன்னிச்சிருங்கம்மா.”

“மன்னிக்கதுக்கு வரல. உங்கிட்ட ஒண்ணு கேக்க வந்தேன்.”

மகன் பெயர் அருண்குமார். காற்றாலைக் கம்பெனியில் வேலை, தங்குவதும் அங்கேயே. கோபுரத்துக்கு உள்ளே ஏணி வழியாக உச்சிவரை ஏறிப் பழுது பார்க்க வேண்டும். காற்று வீசுகிற காலம் என்பதால் லீவு கிடையாது, முகூர்த்தத்துக்கு முந்தின நாள்தான் வீட்டுக்கு வருவான். போன மாதம் அவனோடு ஏறிய ஒருவன் விழுந்துவிட்டான். இவன் வயதுதான் அவனுக்கும்.

“எங்க மச்சில நின்னா ஏழு காத்தாடி தெரியும்” என்றாள் கோமதியம்மாள். “சுத்திக்கிட்டு இருந்தா எனக்கு நிம்மதி. ஒண்ணு நின்னுட்டுன்னா அதுல ஆளு ஏறுதுன்னு அர்த்தம். நிப்பாட்டிட்டுத்தான் ஏறுவாவளாம். அது மறுபடி சுத்துத வரைக்கும் எனக்கு உசுரு கையில இல்ல. காலையில எந்திரிச்சதும் எண்ணுதேன். அடுப்புல உலை கொதிக்கும்போது ஓடிப்போய் எண்ணுதேன். நேத்து ரெண்டு நின்னுட்டு. வேலைய விடுலேன்னா கேக்க மாட்டேங்கான்.”

முத்துமீனாள் மறுபடி ஊற்றி நீட்டிய தண்ணீரைக் கோமதியம்மாள் தொடவில்லை.

“அவுக பேருக்கு முன்னால நீ போட்டது நடந்துட்டுல்லா? எம் மவன் பேருக்கு முன்னால சிரஞ்சீவின்னு போடு. உன் கையால போடு. வேற யாரு கையும் எனக்கு வேண்டாம்.”

‘என் கையில ஒண்ணும் இல்லம்மா’ என்று சொல்ல வாயெடுத்தாள். வேறு யாராவது தன்னிடம் சொல்ல மாட்டார்களா என்று இரண்டு வருஷமாக ஏங்கிய வாக்கியம் அது. அதை இப்போது அவளே சொல்லிவிட்டால், இந்தத் தாய் வெறுங்கையோடு ஊருக்குப் போய் மச்சில் நின்று காத்தாடிகளை எண்ணுவாள். சொல்லாவிட்டால், கோமதிநாயகத்தைக் கொன்றது நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகும். நாளைக்கே அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

“அப்பா பேருக்கு முன்னால...” என்று மெல்ல இழுத்தாள்.

“அதான் ஏற்கெனவே போட்டுட்டியே” என்றாள் கோமதியம்மாள்.

முத்துமீனாள் புதுக் கோப்பைத் திறந்து, கோமதியம்மாள் சொல்லச் சொல்ல மற்ற விவரங்களையும் தந்தையின் வரியையும் எழுதினாள். மணமகனின் வரிக்கு வந்ததும், முதல் தடவையாகத் தட்டச்சு படிக்கிறவள்போல ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். “சிரஞ்சீவி அருண்குமார்” என்று வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். ஆடிக்காற்றில் ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொண்டது. இனி ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கம் வெளியாகிவிடும்.

திரும்பிப் பார்த்தாள். கோமதியம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. சுவரில் மாட்டியிருந்த அம்மன் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முத்துமீனாளை நோக்கிக் கைகூப்பியிருந்தாள்.

“அப்படில்லாம் நிக்காதீங்கம்மா” என்று கெஞ்சினாள் முத்துமீனாள். அந்த அம்மாள் கையை இறக்கவில்லை.

குதிகால் வலிக்காக அறைக்குள்ளும் போட்டிருக்கும் எம்.சி.ஆர். செருப்பை மேஜைக்கடியில் ஒவ்வொரு காலாகக் கழற்றித் தள்ளிவிட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, முத்துமீனாள் பொத்தானை அழுத்தினாள்.