கம்பியில் தொங்கியபடி கேட்ட பெண்

வெள்ளைக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுப் போய் ஒன்றிரண்டு வருடம் இருக்கும். எனக்கு அப்போது இருபது வயது தாண்டியிருந்தது. சல்லிக் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைவிடப் பெரிய குறை, நான் பயங்கரக் கூச்சக்காரன். தேநீர்க் கடைக்குப் போனால் கடைக்காரர் தானாக என்னைப் பார்க்கும்வரை நிற்பேன். பார்க்காவிட்டால், குடித்து முடித்தவனைப்போல வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிடுவேன்.

இப்படிப்பட்டவனுக்கு ஓர் ஆசை இருந்தது. என் மாமா மகளைக் கட்ட வேண்டும். அவளுக்கும் விருப்பம்தான். என் அம்மா இரண்டு தரம் போய்த் தன் தம்பியிடம் கேட்டுப் பார்த்தா. மாமா இரண்டு தரமும் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"மாதச் சம்பள வேலை ஒண்டு எடுக்கட்டும் அக்கா. பிறகு பாப்பம்."

அந்த நேரத்தில்தான் துறைமுகக் காவலுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று கதை வந்தது. கேள்வி, பதில் ஒன்றும் இல்லையாம். பட்டாளத்தில் பார்ப்பதுபோல உடம்பைத்தான் பார்ப்பார்களாம். நிலத்தில் குப்புறப் படுத்துக் கைகளை ஊன்றி எழும்ப வேண்டும். இரும்புக் கம்பியில் தொங்கி, முகத்து நாடி கம்பிக்கு மேலே வரும்படி எட்டுத் தரம் ஏற வேண்டும். அவ்வளவுதான்.

கிணற்றடியில் மாமா மகள் என்னைக் கண்டு சிரித்தாள். "மச்சான், அங்க வாயே திறக்கத் தேவையில்லையாம். தொங்கினாச் சரியாம். உங்களுக்கெண்டே வைச்ச சோதினை!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சின்ன வயதிலிருந்து கரைவலை இழுத்த கை இது. எங்கள் வலைக்காரர்கள் என் தோளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எட்டுத் தரம் ஏறிப்போட்டு, இறங்க மறந்திடாதை" என்று பகிடி விட்டார்கள். ஆகவே நான் ஒரு நாளும் பழகிப் பார்க்கவில்லை.

குறித்த நாளில் காலையிலேயே போனேன். பக்கத்து வீட்டு அண்ணரின் காற்சட்டையை இரவல் வாங்கியிருந்தேன். அவர் என்னைப்போல இரண்டு மடங்கு அகலம். இடுப்பில் வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். மாமாவும் தன் சைக்கிளில் வந்து சேர்ந்தார். "என்ரை கண்ணாலை பாக்கவேணும்" என்று வேலியோரம் நின்றுகொண்டார். அவர் வந்ததைக் கண்டதும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

சோதனை எடுத்தவர் ஒரு சிங்களச் சாஜன், அதாவது சார்ஜண்ட். வெள்ளைக்காரரின் பட்டாளத்தில் சேர்ந்து சண்டைக்குப் போய் வந்தவராம். மீசையைக் கண்டாலே நெஞ்சு தானாக நிமிரும். இது காவல்காரன் வேலைதான் என்றாலும் பட்டாளத்து அளவில் ஒரு நூலும் குறைக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

முதலில் நிலத்தில் படுக்கச் சொன்னார். ஒவ்வொருவரின் நெஞ்சுக்குக் கீழும் தன் கையை முட்டியாகப் பொத்தி வைத்துப் பார்த்தார். நெஞ்சு முட்டியில் தட்டினால்தான் கணக்கு. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. நாங்கள் வலையை இழுக்கிறோம். ஒரு நாளும் தள்ளியதில்லை. தள்ளுகிற வேலை என் கைகளுக்குத் தெரியவே தெரியாது. பாதிக்குமேல் கைகள் ஆட்டுக்குட்டியின் கால்கள்போல ஆடத் தொடங்கின. கோட்டைக்குள் திரிகிற மான்களில் ஒன்று கொஞ்சத் தூரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எப்படியோ மூக்கில் மண் அப்பியபடி அதை முடித்துவிட்டேன். சரி, இனி இழுக்கிற வேலைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

என் முறை வந்தது. பாய்ந்து கம்பியைப் பிடித்தேன். தொங்கினேன். தொங்கிக்கொண்டே இருந்தேன்.

கை மடங்கவில்லை. கை நோகவும் இல்லை, களைக்கவும் இல்லை. சும்மா எதற்கோ காத்திருப்பதுபோல இருந்தது. சாஜன் என்னைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தார்.

"என்ன இது? உடுப்புக் காயப் போட்டதா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் மாமா ஒருவர்தான். அது இன்னும் மோசமாக இருந்தது.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் கிண்ணியாவில் விறகு வெட்டுகிற ஒரு முஸ்லிம் அண்ணர்; காக்கா என்றுதான் கூப்பிடுவோம். காலையில் எனக்கு வெற்றிலை தந்தவர். அவர்தான் எனக்குப் பதிலாகப் பேசினார்.

"சாஜன் ஐயா, அவர் கரைவலைக்காரர். பாட்டு இல்லாம அவங்கட கை இழுக்காது."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. கரையில் எங்களுக்கு அம்பாப் பாட்டு உண்டு. ஒருவர் முன்வரி பாடுவார். மற்ற எல்லோரும் 'ஏலேலோ' என்று பின்பாட்டுச் சொல்லும்போதுதான் கயிற்றை இழுப்போம். அந்த 'ஏலேலோ' வராமல் என் கை ஒரு நாளும் மடங்கியதில்லை. அதைச் சொல்லும்போதும் நான் உதட்டை மட்டும்தான் அசைப்பேன்.

"அப்ப பாடு" என்றார் சாஜன்.

"நான் பாடுறன், நீங்க ஏறுங்க தம்பி" என்று காக்கா முன்னால் வந்தார். சாஜன் கையைக் காட்டி மறித்தார். "வேற ஆள் உதவி செய்யேலாது. தொங்குறவர் பாடணும்."

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. கையும் கம்பியில் வழுக்கத் தொடங்கியது. இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். வேலியோரம் மாமா தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்புவது தெரிந்தது. அவர் போய்விட்டால் எல்லாம் முடிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"கம்பி பிடிச்சேன்..."

பூனைக்குட்டியின் சத்தம்போலத்தான் வந்தது. ஆனால் எனக்குப் பின்னால் வரிசை முழுவதும் "ஏலேலோ!" என்று ஓங்கிச் சொன்னது. என் நாடி கம்பிக்கு மேலே நின்றது.

"ஒண்டு" என்றார் சாஜன்.

"கடலை விட்டேன்..."

"ஏலேலோ!"

அம்பாப் பாட்டில் முன்வரியை அந்தந்த நேரத்தில் கட்டிப் பாட வேண்டும். மனதில் இருப்பதுதான் வாயில் வரும். என் மனதில் அப்போது என்ன இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

"மாமன் மகளே..." "ஏலேலோ!"

"மாலை வாங்கவோ..." "ஏலேலோ!"

வரிசையில் விசில் பறந்தது. எனக்குக் கண் திறக்கப் பயம். ஆனால் குரல் ஏறிக்கொண்டே போனது. இந்தக் குரல் இவ்வளவு காலமும் எங்கே இருந்தது என்று எனக்கே வியப்பு.

"கல்லு மனசு மாமா..." "ஏலேலோ!"

"கண்ணைத் திறவும்..." "ஏலேலோ!"

எட்டு ஆனதும் சாஜன் "போதும்" என்றார். ஆனால் வலை கடலுக்குள் கிடக்கும்போது பாட்டை நிறுத்துகிற பழக்கம் எங்களிடம் இல்லை. மீன் கிடக்கும் மடி கரைக்கு வந்து, கடைசி வரி பாடி முடித்தால்தான் கயிற்றை விடுவோம். என் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. "போதும், போதும்!" என்று சாஜன் கத்தினார். வரிசையோ 'ஏலேலோ'வை விடுவதாக இல்லை. கேட்டைக் காத்துக்கொண்டு நின்றவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் சாஜன் என் இரண்டு காலையும் கட்டிப்பிடித்துக் கீழே இறக்கினார். காற்சட்டை மட்டும் கழலவில்லை. அந்த முடிச்சு நான் போட்டது.

அடுத்தது, ஊர்க்கதையில் வராத ஒன்று: உயரம் அளந்தார்கள். தூணில் கோடு போட்டிருந்தது. என் தலை அந்தக் கோட்டுக்கு வரவில்லை. குதிக்காலைக் கொஞ்சம் உயர்த்தினேன். சாஜன் பூட்ஸால் தட்டினார். அரை அங்குலம் குறைவு.

"இன்னும் கொஞ்ச நேரம் தொங்க விடுங்க ஐயா, நீண்டுடுவார்" என்று காக்கா கெஞ்சிப் பார்த்தார். சாஜன் மீசைக்குள் சிரித்தார். ஆனால் அளவு அளவுதான். என் தோளில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிட்டார். காக்கா தேறிவிட்டார், பிறகு பல வருடம் துறைமுகக் கேட்டில் என்னைக் கண்டால் தொப்பியைத் தூக்கி 'ஏலேலோ' என்பார்.

நான் தலையைக் குனிந்தபடி, திருப்பிய சைக்கிளோடு வேலியோரமே நின்ற மாமாவிடம் போனேன். அவர் பின் கரியரைக் காட்டினார். ஏறி உட்கார்ந்தேன். உப்புவெளி தாண்டும்வரை அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த முதுகு கோபமா இல்லையா என்று பிடிபடவில்லை. ஒரு மர நிழலில் சைக்கிளை நிறுத்தினார்.

"கல்லு மனசு எண்டோடா பாடினனீ?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அம்பாவிலை சொன்னதுக்குக் கோவிக்கேலாது. அதாலை தப்பினாய்."

உண்மைதான். வலைப் பாட்டில் யாரை எப்படி நையாண்டி செய்தாலும் கோபிக்கக் கூடாது என்பது எங்கள் கரையில் எழுதாத சட்டம். வலைச் சொந்தக்காரரின் கஞ்சத்தனத்தையே அவர் முகத்துக்கு முன்னால் பாடுவார்கள். அவரும் சேர்ந்து 'ஏலேலோ' சொல்வார்.

"உயரம் காணாதெண்டு விட்டுட்டாங்கள் மாமா" என்றேன். அவரிடம் நானாக ஒரு வசனம் பேசியது அதுதான் முதல் தடவை.

"விடட்டும். வேலை நான் சும்மா சொன்ன ஒரு சாட்டடா. கொம்மா ரெண்டு தரம் வந்தவ. நீ ஒருக்காலாவது வந்தனியோ? வாயில்லாதவனுக்குப் பிள்ளையைக் குடுத்தா, நாளைக்கு அவளுக்குக் காய்ச்சலெண்டாலும் ஆசுப்பத்திரியிலை போய் ஒரு சொல்லுக் கேக்கமாட்டாய். வாசலிலையே நிண்டுபோட்டுத் திரும்பி வந்திடுவாய். அதுக்குத்தான் பயந்தனான்."

பிறகு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"வாயிருக்கு எண்டு இண்டைக்குத்தான் கண்டன். இப்ப கேள்."

அங்கே கம்பி இல்லை, வரிசை இல்லை, பின்பாட்டுச் சொல்ல ஒருவரும் இல்லை. ஒரு கோழி மட்டும் எங்களைக் கடந்து போனது. மாமா அவசரப்படவில்லை; பீடி ஒன்றைப் பற்றவைத்துப் பாதி குடித்தார்.

"மாமா, அவளை எனக்குத் தாங்கோ."

"ஓம்" என்றார். "ஏறு, வெயில் ஏறுது."

அடுத்த நாள் கைகள் இரண்டும் சோற்றுக் கோப்பையைத் தூக்க மறுத்தன. அம்மாதான் ஊட்டிவிட்டா. அதற்கடுத்த நாள் வழக்கம்போல வலைக்குப் போனேன். ஆவணியில் கலியாணம் நடந்தது.

இப்போது எங்களுக்கு மூன்று பிள்ளைகள். ஆசுப்பத்திரி, பள்ளிக்கூடம், அரசாங்கக் கச்சேரி என்று எத்தனையோ வாசல்களில் நிற்கவேண்டி வந்திருக்கிறது. கூச்சம் என்னை விட்டுப் போகவில்லை. உள்ளே போகுமுன் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கும். ஆனால் கேட்காமல் திரும்பி வந்தால் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் நட்டம் என்று அந்த மரநிழலில் தெரிந்துகொண்டேன். அதனால் குரல் நடுங்கினாலும் பரவாயில்லை என்று கேட்டுவிடுகிறேன்.